சாய்ந்த கோபுரமும் நம் வீட்டுச் சாரமும்

(தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், கிராணிமார் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சம்பளத்தைப் பற்றியும் லீவைப் பற்றியும் இந்த மேடையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் வேறு. கூரை, சுவர், வர்ணம், ஏணி, சாரம் — இவற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். "இதற்கு ஒரு கூட்டம் வேண்டுமா?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால், மழைக்காலத்தில் ஒழுகாத கூரை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? தீபாவளிக்கு முன் வர்ணம் பூசாத வீடு உண்டா? கூலி கொடுத்து ஆள் வைக்க வசதி இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறாத குடும்பத் தலைவன் உண்டா? ஏறுகிறோம். பெரும்பாலும் பத்திரமாக இறங்கியும் விடுகிறோம். ஒரு நாள் இறங்குவதற்குப் பதிலாக விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பால்வெட்டுகிறவனுக்கு முதலீடு என்பது இரண்டு கால், இரண்டு கை, ஒரு முதுகெலும்பு. தொடை எலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் மரத்தடிக்குப் போக முடியாது. முதுகு போனால் ஒருகாலும் போக முடியாமலே ஆகிவிடலாம். வேலையில் விழுந்தால், 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; சொக்சோவிடம் வேலை விபத்து என்று மனுச் செய்யலாம். சொந்த வீட்டுக் கூரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் அது வேலை விபத்துக் கணக்கில் வராது. ஆகவே ஒரு டின் வர்ணத்தில் மிச்சம் பிடிக்கப் போய், வீட்டின் வருமானத்தையே பணயம் வைக்கிறோம்.

ஏறுவதற்கு முன்பு நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் கூரை யாருடையது?" நீங்கள் குடியிருப்பது தோட்டம் கொடுத்த லயத்து வீடு என்றால், அதைப் பழுது பார்ப்பது உங்கள் பொறுப்பு அல்ல. தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், வீடுகளை நல்ல நிலையில் வைத்திருக்கும் கடமையை முதலாளியின் தலையில் வைத்திருக்கிறது. ஒழுகுகிறதா? எழுதிக் கொடுங்கள். தேதி போட்டுக் கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்தது பைலில் இருக்கும். கிராணிமார்களே, அந்தக் கடிதத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் எழுதும் அந்த ஒரு வரி ஒருவனைக் கூரையில் ஏறாமல் தடுக்கும்.

ஆனால் இன்று நம்மவர்களில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமான்களிலும் கம்பங்களிலும் சொந்த வீடு கட்டியும் வாங்கியும் குடியிருக்கிறார்கள். அந்தக் கூரை நம்முடையது. அந்தச் சுவர் நம்முடையது. அங்கே ஏறத்தான் வேண்டும். எதில் ஏறுவது, எப்படி ஏறுவது என்பதே இனி நான் சொல்லப்போவது.

ஏணியைப் பற்றி உங்களுக்குப் பாடம் சொல்லத் தேவையில்லை. முதிர்ந்த மரங்களில் மேற்பட்டையை ஏணி போட்டு வெட்டியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். ஏணி கொஞ்ச நேர வேலைக்கு உரியது. ஒரு பல்பு மாற்றலாம். ஒரு ஆணியை அறையலாம். நான்கு அடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடிப்பாகத்தைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, மேல் நுனியைக் கட்டிவிட்டு ஏறலாம். ஆனால் ஒரு சுவர் முழுவதும் வர்ணம் பூசுவதற்கும், ஓரப் பலகை மாற்றுவதற்கும், மழைநீர்த் தகரத்தைப் புதிதாகப் பொருத்துவதற்கும் இரண்டு கையும் வேண்டும். ஏணியில் நிற்பவனுக்கு ஒரு கைதான் மிச்சம். இன்னும் ஒரு முழம் எட்டினால் போதும், இறங்கி ஏணியை நகர்த்த வேண்டாம் என்று உடம்பைச் சாய்க்கிறான். ஏணி நழுவுவது அந்த ஒரு முழத்தில்தான்.

அப்படிப்பட்ட வேலைக்கு உரியது சாரம். மலாயில் பெராஞ்சா என்பார்கள். தமிழனுக்குச் சாரம் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜ சோழன் 1010-ஆம் ஆண்டில் கட்டி முடித்தான். இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த அந்த விமானத்தின் உச்சிக் கல்லை ஏற்ற, சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாய்தளம் போட்டார்கள் என்று இன்றும் தஞ்சைப் பக்கத்தில் சொல்லுகிறார்கள். அந்தச் சொல்வழக்கு நமக்குக் காட்டுவது ஒன்றுதான்: உயரத்தில் வேலை செய்யப் போகிறவன் முதலில் ஏறும் வழியைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இன்று வாடகைக்குக் கிடைக்கும் சாரம் குழாய்களால் ஆனது. இரும்பிலும் உண்டு, அலுமினியத்திலும் உண்டு. இரு பக்கமும் ஏணி போன்ற சட்டங்கள். அவற்றைப் பிணைக்கும் குறுக்குக் கம்பிகள். மேலே நிற்பதற்கு மேடைப் பலகை. மேடையைச் சுற்றி இடுப்பளவில் ஒரு கம்பி, அதற்குக் கீழே நடுவில் ஒரு கம்பி. சாமான் உருண்டு விழாதபடி ஓரத்தில் காலடிப் பலகை. அடியில் திருகி உயர்த்தும் கால்கள் அல்லது பிரேக் வைத்த சக்கரங்கள். இவ்வளவும் இருந்தால்தான் அது சாரம். இதில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் குழாய்க் குவியல்.

தோழர்களே, சாரத்தைப் பற்றிய முக்கியமான பாடத்தைக் கற்றுக்கொள்ள நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. இந்த ஊரின் நடுவிலேயே அது நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு போகிறார்களே, அந்தச் சாய்ந்த கோபுரத்தைத்தான் சொல்கிறேன். இந்த ஊருக்குத் தெலுக் ஆன்சன் என்று பெயர் இருந்த காலத்தில், 1885-ஆம் ஆண்டில், லியோங் சூன் சோங் என்ற சீனக் குத்தகைக்காரர் கட்டியது அது. உயரம் இருபத்தைந்தரை மீட்டர், அதாவது எண்பது அடிக்கு மேல். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி. உள்ளே மூன்றே மாடி. கடிகாரக் கோபுரமாகவும், ஊருக்குத் தண்ணீர் தேக்கும் தொட்டியாகவும் இருந்தது.

அது ஏன் சாய்ந்தது? செங்கல் மோசம் இல்லை. மோசமாக இருந்திருந்தால் நூற்றுநாற்பது வருஷம் நின்றிருக்காது. கட்டியவர்களின் கையும் மோசம் இல்லை. அடியில் இருக்கும் மண் மென்மையானது. மேலே தண்ணீர்த் தொட்டியின் பாரம் பெரிது. பாரத்தை மண் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தாங்கியது. கோபுரம் சாய்ந்துவிட்டது. இத்தாலி தேசத்துப் பைசா கோபுரத்தின் கதையும் இதுதான். அதை 1990-இல் மூடி, உயர்ந்து நின்ற பக்கத்தின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்து, 2001-இல்தான் மறுபடியும் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். அங்கேயும் முக்கியமான வைத்தியத்தை மண்ணுக்குத்தான் செய்தார்கள்.

நம் கோபுரம் சாய்ந்தும் நிற்கிறது. நீங்கள் வாடகைக்கு எடுக்கும் சாரம் சாய்ந்தால் நிற்காது. அதுதான் வித்தியாசம்.

நம் வட்டாரத்து மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பேராக் நதி கொண்டுவந்து போட்ட வண்டல். மழை பெய்தால் காலணி புதையும் களிமண். தீபாவளி எப்போது வருகிறது? அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது. பிற்பகல் இடியும் மழையும் அடிக்கும் காலமும் அதுவே. நாம் வர்ணம் பூசுவதற்காகச் சாரம் நிறுத்துகிற அதே வாரங்களில்தான் தரை ஆகவும் இளகிக் கிடக்கிறது. இதை மறந்தவன் எவ்வளவு நல்ல சாரம் எடுத்தும் பயன் இல்லை.

கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. சாரத்தின் அடி அகலம் நான்கு அடி. மேடை உயரம் பன்னிரண்டு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் அகலத்தைப் போல் மூன்று மடங்கு. ஒரு பக்கத்துக் கால் மண்ணில் ஓர் அங்குலம் இறங்கினால், மேடை எவ்வளவு சாயும்? மூன்று அங்குலம். இரண்டு அங்குலம் இறங்கினால் ஆறு அங்குலம். மேடை சாய்ந்ததும், நிற்கிறவன் பாரமும் வர்ண டின்னும் அதே பக்கம் தள்ளும். அந்தப் பக்கத்துக் கால் இன்னும் இறங்கும். இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது. முதல் அங்குலத்தில் நிறுத்தினால்தான் உண்டு.

இன்னொரு கணக்கு. சாரம் 150 கிலோ, ஆள் இருவர் 150 கிலோ, சாமான் 20 கிலோ, மொத்தம் 320. நான்கு காலுக்குப் பங்கிட்டால் காலுக்கு 80 கிலோ. ஓரமாகச் சாய்ந்து வேலை செய்தால் இரண்டு கால்களே பெரும்பகுதியைத் தாங்கும். ஒரு சக்கரம் தரையைத் தொடும் இடம் நான்கு விரல் அகலம்கூட இல்லை. அந்தச் சிறு இடத்தில் அவ்வளவு பாரத்தை வைத்தால், ஈரக் களிமண்ணில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும். அதே காலுக்கு அடியில் ஓரடி அகலமும் இரண்டடி நீளமும் உள்ள கனமான பலகையைப் போடுங்கள். அதே பாரம் பல மடங்கு இடத்தில் பரவிவிடும். சேற்று வழியில் பலகை போட்டு நடக்கிறோமே, அதே தந்திரம்தான்.

ஆகவே செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, தரை. புல்லை வெட்டி, இளகிய மேல்மண்ணை வாரி எடுத்துவிட்டு, தரையைச் சமமாக்குங்கள். மலக்குழி மூடி, கால்வாய் ஓரம், புதிதாக மண் நிரப்பிய இடம் இவற்றின் மேல் சாரம் நிறுத்தக் கூடாது. இரண்டு அங்குல கனத்தில் நல்ல பலகை, ஒரே பலகை இரண்டு காலுக்கும் அடியில் போகும்படி போடுங்கள். செங்கல், ஓட்டைக் கல், வர்ண டின், உடைந்த ஓடு இவற்றை அண்டைக் கொடுக்காதீர்கள், அவை நொறுங்கும். சக்கரம் வைத்த சாரம் சிமெண்டுத் தரைக்கு உரியது. மண் தரையில் திருகுக் காலும் அடித்தட்டும் பலகையும்தான் பொருத்தம்.

இரண்டாவது, நேர். ரசமட்டம் இருந்தால் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால், ஒரு நூலில் கனமான நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். அதுதான் கொத்தனாரின் தூக்குக்குண்டு. சட்டமும் நூலும் ஒட்டி நேராகப் போக வேண்டும். காலையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை பாருங்கள். நூல் விலகினால் ஏறாதீர்கள். மேலே இருப்பவர் இறங்கட்டும்.

மூன்றாவது, உயரம். வெளியிடத்தில் அடியின் குறுகிய பக்கத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் உயர்த்தாதீர்கள். அதற்கு மேல் வேண்டும் என்றால் பக்கத் தாங்குகால்களும், சுவரோடு கட்டும் வேலையும் வேண்டும். அதைத் தெரிந்தவர் செய்ய வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவரிடம் அந்தச் சாரத்தின் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். அவர் சொல்லும் அளவு இன்னும் குறைவு என்றால் அதுவே உங்கள் அளவு.

நான்காவது, ஏறும் விதம். சாரத்துக்கு உள்ளே ஏறி, மேடையின் நடுக்கதவு வழியே வாருங்கள். வெளிப் பக்கமாகத் தொற்றி ஏறினால் உங்கள் பாரமே அதைக் கவிழ்க்கும். மேடைக்கு மேல் முக்காலி, வாளி, சிறு ஏணி வைத்து ஏறுவது கூடாது. எட்டவில்லை என்றால் இறங்கி, சாரத்தை நகர்த்துங்கள். மேலே ஆளோ சாமானோ இருக்கும்போது நகர்த்தவே கூடாது. நகர்த்தும்போது அடியைப் பிடித்துத் தள்ளுங்கள். பிறகு நான்கு பிரேக்கையும் போடுங்கள்.

ஐந்தாவது, மேலே இருப்பவை. அலுமினியமும் இரும்பும் மின்சாரம் பாயும் உலோகங்கள். மின்கம்பி அருகில் போகிறதா? வேலையை நிறுத்துங்கள். தெனாகா நேஷனலிடம் கேட்டு, அவர்கள் சொன்ன பிறகே தொடங்குங்கள். காற்றையும் பாருங்கள். மரத்தின் சின்னக் கிளைகள் ஆட ஆரம்பித்தால் இறங்கிவிடுங்கள். கையில் ஒரு தகரம் இருந்தால் அது பாய்மரம். உங்களையும் தூக்கிக்கொண்டு போகும். இடி கேட்டால் ஒரு நிமிஷம்கூட மேலே நிற்காதீர்கள்.

ஆறாவது, கூரைத் தகடு. இது உயிரைக் குடிக்கும் இடம். சாரத்தின் மேடையிலிருந்து கூரை மேல் காலை வைக்காதீர்கள். சாம்பல் நிறத்துப் பழைய சிமெண்டுத் தகடு பார்ப்பதற்குக் கல் போல் இருக்கும். வெயிலும் மழையும் தின்று அப்பளம் போல் ஆகியிருக்கும். துருப்பிடித்த தகரமும் அப்படித்தான். பழைய சிமெண்டுத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கக்கூடும். ஆஸ்பெஸ்டாஸ் எந்த வகையாக இருந்தாலும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே அதை உடைப்பது, துளைப்பது, அறுப்பது, உலர்ந்த துடைப்பத்தால் தேய்ப்பது எதுவும் வேண்டாம். மாற்ற வேண்டும் என்றால் தெரிந்த ஆளை அழையுங்கள்.

ஏழாவது, தாய்மார்களுக்கு. ஆண்கள் சாப்பிட வந்த நேரத்தில் சாரத்தின் அருகே போவது யார்? பிள்ளைகள். அவர்களுக்கு அது விளையாட்டு ஏணி. மாலையில் வேலை முடிந்ததும் கீழ்ப் பகுதியைப் பலகையால் அடைத்துக் கட்டுங்கள். தனி ஆள் சாரத்தில் ஏற அனுமதிக்காதீர்கள். கீழே ஒருவர் நிற்க வேண்டும். யாராவது விழுந்துவிட்டால், பதறித் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்தோ முதுகோ முறிந்திருந்தால் அந்தத் தூக்குதலே நிரந்தர முடமாக்கிவிடும். அசையாமல் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள்.

"இவ்வளவுக்கும் பணம் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனி ஒரு வீட்டுக்கு நல்ல சாரம் வாடகைக்கு எடுப்பது பாரம்தான். பத்து வீடு சேர்ந்தால் பாரம் அல்ல. 1960-இல் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள் நம் மக்கள். அந்தப் பத்து வெள்ளிகள் தோட்டங்களையே வாங்கின. தோட்டம் வாங்கிய கைகளுக்கு ஒரு சாரத்தை நாலு நாளைக்கு வாடகைக்கு எடுப்பதா பெரிய காரியம்?

ஒரு தாமானில் பத்து வீட்டார் சேருங்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே, மழை பிடிக்கும் முன், நாளைக் குறித்து ஒரே சாரத்தை வரிசையாகப் பயன்படுத்துங்கள். பலகைகளை ஒரு முறை வாங்கி எல்லோரும் பகிருங்கள். கிராணிமார்களே, கணக்குப் புத்தகம் உங்களுடையது. எந்த வீட்டில் எந்த நாள், யார் தூக்குக்குண்டு பார்த்தார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று ஒரு தாளில் எழுதிச் சாரத்தின் காலில் கட்டிவிடுங்கள். கையெழுத்து இல்லாத சாரத்தில் யாரும் ஏறக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குத்தகைக்காரரை வைத்து வேலை செய்வித்தால், அவருடைய ஆட்களுக்கு உங்கள் வீடு ஒரு வேலையிடம். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்து, ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் தழுவிவிட்டது. தடுப்புக் கம்பி இல்லாத சாரத்தில் அவர் ஆளை ஏற்றினால், "வேலையை நிறுத்துங்கள்" என்று சொல்ல நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. மேலே நிற்பவன் நம்மவனாக இருந்தாலும், வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ பிழைக்க வந்தவனாக இருந்தாலும், அவனும் தொழிலாளிதான். அவனுக்கும் ஊரில் ஒரு வீடு காத்திருக்கிறது.

தோழர்களே, இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் இரண்டு காரியங்களை முடிவு செய்ய வேண்டுகிறேன். ஒன்று: ஒழுகும் லயத்து வீடுகளின் பட்டியலை இந்த மாதத்திற்குள் எழுதி ஆபீசில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவது. இரண்டு: சொந்த வீடு உள்ளவர்கள் பத்துப் பத்து வீடாகச் சேர்ந்து, சாரத்துக்கும் பலகைக்கும் பெயர் கொடுப்பது. பெயர்களை எழுதிக்கொள்ள மேஜையில் புத்தகம் வைத்திருக்கிறோம். வெளியே போகும்போது நின்று எழுதிவிட்டுப் போங்கள்.